துண்டுக்கடியில் பேசிய மலையாளம்

கரட்டுப்புதூரில் எல்லோருக்கும் மலையாளம் தெரியும். தொட்டிலில் கிடப்பவருக்கும் தெரியும், கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியும், கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு டீ கூடக் குடித்திராதவருக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகவே தெரியும். அந்த மொழியைக் கற்றுக்கொள்ளும் வழியையும் அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தமிழை எடுத்து மூக்கு வழியாக விட வேண்டும், வால் பக்கம் ஒரு ‘ஆணு’வைக் கட்ட வேண்டும், கட்டியபின் கொஞ்சம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேற்றுமொழி படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும். நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, பக்கத்து வீட்டு மொழிதானே, கேட்டால் புரிகிறது, புரிந்தால் தெரிந்த மாதிரிதானே என்பார்கள். கேட்டதில் முக்கால்வாசி புரியும் என்பது உண்மைதான். மீதிக் கால்வாசியில் என்ன இருந்தது என்று அந்த ஊரில் யாரும் திரும்பிக் கேட்டதில்லை.

இந்த மலையாளத்துக்கெல்லாம் ராஜா, மாட்டுத் தரகர் நாச்சிமுத்து. ஊரில் அவருக்கு மலையாளத்தார் என்றே பெயர். வாரச் சந்தைக்குக் கணவாய் வழியாக மாடு வாங்க வருகிறவர்களிடம் அவர் மூக்கால் பேசுவதைக் கேட்க ஒரு கூட்டமே நிற்கும். ஆனால் மாட்டு வியாபாரத்தில் வாய்க்கு என்ன வேலை? விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து அமுக்கித்தான் விலை பேசுவது சந்தை வழக்கம். எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பது துண்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். துண்டுக்கு மேலே நாச்சிமுத்துவின் வாய் என்னத்தையோ சொல்லிக்கொண்டிருக்கும், துண்டுக்குக் கீழே விரல்கள் காரியத்தை முடித்துவிடும், கூட்டம் அவருடைய வாயை மெச்சிக்கொண்டு கலையும். வந்த மலையாளிகள் நல்ல மனுஷர்கள், அவருக்கு எப்போதும் தமிழிலேயே பதில் சொன்னார்கள். அது தனக்குக் கொடுக்கும் மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி பங்கஜாக்ஷி கணவாய்க்கு அந்தப்புறம் நெடுங்காவில் பிறந்தவள். மாடு வாங்க வந்துபோன சங்குண்ணியின் மகள். அந்தச் சம்பந்தமும் துண்டுக்கடியில்தான் பேசி முடிக்கப்பட்டது என்று சந்தையில் கேலி செய்வார்கள். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே ஊர் அவள் பெயரை வெட்டிப் பங்கஜம் என்று ஆக்கிக்கொண்டது. நீளமான பெயரைக் கூப்பிட அவர்களுக்கு வாய் வலித்தது போலிருக்கிறது.

அவள் தமிழ் கற்றாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று கற்றாள், ரேஷன் கடை வரிசையில் கற்றாள், நாத்தனார்கள் சண்டை போடும்போது சுவருக்கு இந்தப்புறம் நின்று கற்றாள், சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் யாராவது ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே கற்றாள். தேங்காய்க் களத்துக்கு வேலைக்கு வந்த வடநாட்டு ஆள் ஒருத்தன் ‘வணக்கம், சாப்பாடு’ என்று இரண்டு வார்த்தை சொன்னதற்கு ஊரே அவனைச் சுற்றி நின்று, அடேயப்பா, என்னமாப் பேசறான் பாரு என்று பூரித்துப்போனது. பங்கஜாக்ஷி ஒரே வருஷத்தில் அந்த ஊர்க்காரியே அசந்துபோகிற மாதிரி கொங்குத் தமிழ் பேசினாள், அதைப் படிப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மலையாளத்துக்காரிக்குத் தமிழ் வராதா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே என்றார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்றால் அத்தனை வருஷமும் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அவளுடைய அம்மா செத்த சேதி வந்த அன்று அவள் வாசலில் விழுந்து அழுதாள். அழுகை மலையாளத்தில்தான் வந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பங்கஜாக்ஷி அதைப் பார்த்துவிட்டாள். பாதி அழுகையில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ போட உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த ஊரில் மலையாளம் வரவேயில்லை. மகள் பிறந்தாள், தமிழில் வளர்ந்தாள், ஈரோட்டுக்குக் கல்யாணமாகிப் போனாள். நாச்சிமுத்துவுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. வீட்டுக்குள் அவர் மூக்கால், “பங்கஜம், சோறு ரெடி ஆணோ?” என்பார், அவள் “ஆச்சுங்க, வாங்க” என்பாள், தானும் தன் மனைவியும் மலையாளத்தில் குடும்பம் நடத்துவதாக அவர் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பக்கத்து வீட்டு ராசாமணி ஆடு தேடிப் போனாள்.

ஊருக்கு மேற்கே, கணவாய் ஏறும் தடத்துக்குப் பக்கத்தில், ஓடைக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கிறது கூப்பாட்டுப் பாறை. அதற்கு நேராக நின்று கூப்பிட்டால் கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்லும், அதனால் அந்தப் பெயர். ராசாமணி வழக்கம்போல, “அடியே கருப்பி, எங்கடி போனே, இங்க வா” என்று குரல் கொடுத்தாள். பாறை அவள் குரலிலேயே, “எடீ கறுப்பீ, நீ எவிடேக்கா போயே, இங்ஙோட்டு வா” என்றது. ராசாமணிக்கு ஆடு கிடைக்காத கவலைதான் பெரிதாக இருந்தது. இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள், பாறையும் இரண்டு தரம் மலையாளத்தில் கூப்பிட்டது, ஆடு தமிழுக்கு வந்ததா மலையாளத்துக்கு வந்ததா என்று தெரியவில்லை, வந்துவிட்டது. திரும்பி வந்து குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, “பங்கஜக்கா, பாறைக்கு இன்னிக்கு என்னமோ மலையாளமா வருதுங்க” என்றாள், சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோல.

ஊர் போய்ப் பார்த்தது. உண்மைதான். தமிழில் எதைச் சொன்னாலும் பாறை அதைத் திருத்தமான மலையாளத்தில், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொன்னது. இப்படி ஏன் ஆனது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, மழையில் பாறைக்கு என்ன வேண்டுமானாலும் ஆகும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களை உறுத்தியது வேறு விஷயம். பஞ்சாயத்துத் தலைவர் சாமியப்பன் கூட்டம் போட்டார். “நம்ம எல்லைக்குள்ள நிக்கற பாறை, நம்ம மழையில நனையற பாறை. அதென்னுங்க அவிய பாஷையில பேசறது?” என்று கேட்டார். பாறை இனித் தமிழில் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாமியப்பன் மாலை போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்த் தீர்மானத்தைப் பாறைக்கு வாசித்துக் காட்டினார். பாறை அந்தத் தீர்மானம் முழுவதையும், அவர் குரலில், அவர் கனைப்போடு, அழகான மலையாளத்தில் திருப்பி வாசித்தது. எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு இதில் லாபமிருக்கிறது என்று தோன்றியது. கணவாய்க்கு அந்தப்புறம் தேங்காய் விற்பவர்கள், மாடு விற்பவர்கள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் எல்லோரும் காலையில் பாறைக்கு நேராகப் போய் நின்றார்கள். இலவசமாக மலையாளம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்? ஒருத்தர் ‘என் பெயர் இன்னது’ என்பார், பாறை அதை மலையாளத்தில் சொல்லும், அவர் உடனே சிரித்து, “அட, இதானா? இது நமக்குத் தெரிஞ்சதுதானே” என்பார். ‘வீடு எங்கே’ என்பார், பாறை சொல்லும், “இதுவும் தெரிஞ்சதுதான்” என்பார். கார்த்திகை போய் மார்கழியும் வந்தது, ஊரில் ஒருத்தரும் ஒரு வாக்கியத்தைக்கூட வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. தெரிந்ததை எதற்குப் படிப்பது? பாறையின் பொறுமையைத்தான் மெச்ச வேண்டும்.

பாறையைச் சோதிக்க நாச்சிமுத்துவை அழைத்துப்போனது ஒரு திருவிழா. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் நின்று, மூக்கைத் தயார்ப்படுத்திக்கொண்டு, “ஏ பாறே, ஞான் நாச்சிமுத்து ஆணு, நிங்கள் சுகமா இருக்கு ஆணோ, எந்தா விசேஷம் ஆணு” என்று முழங்கினார். பாறை பேசவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் மலையாளத்தில் சொல்லியிருக்கும், மலையாளத்தில் சொல்லியிருந்தால் அதையே திருப்பிச் சொல்லியிருக்கும், இது இரண்டும் இல்லாததால் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. காற்று மட்டும் வந்துபோனது. கூட்டம் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தது.

“கூச்சப்படுதுங்க” என்றார் நாச்சிமுத்து. “என்ற மலையாளத்துக்கு முன்னால அதுக்கு வாய் வரலை. பாவம், கொச்சை மலையாளம் பேசற பாறை, அதுக்கு அவ்வளவுதான் வரும்.”

“நானும் அதேதான் நெனச்சனுங்க” என்றார் சாமியப்பன். எல்லோரும் அதேதான் நினைத்திருந்தார்கள்.

கணவருக்கு மோர் கொண்டுவந்திருந்த பங்கஜாக்ஷி கூட்டத்துக்குப் பின்னால் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். பாறை பேசுவது கொச்சையல்ல, நெடுங்காவுப் பேச்சு, அங்கே குளத்துப் படிக்கட்டில் துணி துவைக்கிறவர்கள் பேசுகிற பேச்சு என்பது அவளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஊரில் மலையாளம் தெரிந்த ஒரே ஆள் செம்போடு பின்னால் நின்றாள், அவளை முன்னால் வா என்று கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வருஷக்கணக்கில் அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த சிரிப்பு எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்கும் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஊர் உண்டு களைத்துப் படுத்திருந்த நேரத்தில், மாட்டை ஓட்டிக்கொண்டு அவள் தனியாகப் போனாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தினமும் சொல்கிற வாக்கியமே வாயில் வந்தது. “சோறாச்சு, சாப்பிட வாங்க” என்றாள். பாறை அவள் குரலில், “சோறாயி, உண்ணான் வரூ” என்றது. பங்கஜாக்ஷி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் போனாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் தமிழில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிச் சொல்லி, தன் மொழியில் திருப்பி வாங்கிக்கொண்டாள். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டதை வாங்கினாள், பிரசவ வலியில் கத்தியதை வாங்கினாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டபடி சொன்ன கதைகளை வாங்கினாள், நாத்தனாரிடம் சொல்லாமல் விட்ட நறுக்கென்ற பதில்களையும் சேர்த்துச் சொல்லி வட்டியோடு வாங்கினாள். ஒருநாள் அம்மாவுக்காக அழுதாள். தமிழில்தான் ஆரம்பித்தாள், பாறை மலையாளத்தில் அழுதது, பிறகு யார் எதில் அழுகிறார்கள் என்ற வித்தியாசம் போய்விட்டது. பாதியில் நின்ற அழுகை அன்றைக்குத்தான் முடிந்தது. முடிந்ததும் மனசு லேசாகும் என்று பார்த்தாள், கோபம்தான் வந்தது. ஒரு கல் இரண்டு மாசத்தில் தன்னிடம் பேசிய அளவுக்கு வீட்டிலிருக்கும் மனுஷர் இத்தனை வருஷத்தில் பேசவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வாக்கியம், மூக்கால் அல்லாமல் வாயால், அவளிடம் அவள் மொழியில் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளாவது தோன்றியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை அவள் நாச்சிமுத்துவிடம் தமிழ் பேசுவதை நிறுத்தினாள். ராசாமணியிடம் பேசினாள், பால்காரரிடம் பேசினாள், தொலைபேசியில் மகளிடம் பேசினாள். கணவரிடம் மட்டும் மலையாளம்தான், நெடுங்காவு மலையாளம், வேகம் குறைக்காமல். நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘என்ன சொல்றே, விளங்கலை’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அப்போதே தமிழுக்கு வந்திருப்பாள். ஊருக்கே மலையாளத்தாராக இருப்பவர் அதை எப்படிக் கேட்பார்? தலையை ஆட்டினார். வெந்நீர் போட்டிருக்கிறது என்றாலும் ஆட்டினார், வெந்நீர் இல்லை என்றாலும் ஆட்டினார், அப்புறம் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். “ஊட்டுல இப்பச் சுத்த மலையாளம்தானுங்க” என்று அங்கே பெருமையடித்தார்.

பங்குனி மாசத்து ஒரு சாயங்காலம் சாமியப்பனும் இன்னும் சிலரும் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பங்கஜாக்ஷி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவருக்கு நேராக நின்று, இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, “விஷு கழிஞ்ஞால் ஞான் என்டெ வீட்டிலேக்கு போகும். போகண்டா எந்நு நிங்ஙள்க்கு உண்டெங்கில், அது என்னோடு பறயணம்” என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். விஷு முடிந்ததும் நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன், போக வேண்டாமென்று உங்களுக்கு இருந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். அவளுடைய வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

நாச்சிமுத்து அகலமாகச் சிரித்தார். “மனசிலாயி, மனசிலாயி. அங்ஙனே ஆகட்டும் ஆணு” என்றார்.

“என்னுங்க சொல்றாங்க?” என்றார் சாமியப்பன்.

“அது ஒண்ணுமில்லீங்க. விஷுப் பண்டிகை வருதல்லொ, அவ ஊட்டுக்குப் போயிட்டு வர்றாளாமா.”

“எனக்கும் அப்பிடித்தான் வெளங்குச்சுங்க” என்றார் சாமியப்பன், டீயை உறிஞ்சிக்கொண்டு. விஷு புரிந்தது, வீடு புரிந்தது, போவது புரிந்தது, முக்கால்வாசி புரிந்துவிட்டது. பங்கஜாக்ஷி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாத் தலையும் ஆடிக்கொண்டிருந்தது. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விஷு வந்தது. கொன்றைப் பூவும் கண்ணாடியும் வெள்ளரிக்காயும் வைத்துக் கணி கண்டாள், சமைத்தாள், அவருக்குப் பரிமாறினாள். மறுநாள் சந்தை. நாச்சிமுத்து ஒரு காங்கேயம் காளைக்குத் துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டிருந்த நேரத்தில் ராசாமணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மாமா, அக்கா பையைத் தூக்கிட்டுக் கணவாய்த் தடத்துல போறாங்க.”

“ஆமா, ஊட்டுக்குப் போறா. எனக்குத் தெரியும், போ.”

“மாட்டை என்கிட்டப் புடிச்சுக் குடுத்து, இனி நீயே கறந்துக்கோ ராசாமணின்னாங்க. ஊட்டுச் சாவியையும் குடுத்துட்டாங்க. என்னக்கா இதுன்னு கேட்டனுங்க. பங்குனியிலயே அவருகிட்டக் கேட்டுட்டேன், நாலு பேர் முன்னால சரின்னு தலையாட்டிட்டாருன்னு சொல்றாங்க. எதுக்குங்க மாமா தலையாட்டுனீங்க?”

துண்டுக்குள் அவர் விரல்கள் விறைத்துப்போனதை எதிர்க்கை உணர்ந்திருக்கும். நாச்சிமுத்து துண்டை உருவிக்கொண்டு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்துச் சந்தையும் பின்னால் ஓடியது, வேடிக்கை என்றால் கரட்டுப்புதூருக்குக் கால் தானாக நகரும்.

ஓடைக்கரைக்கு வந்தபோது அவள் தடத்தில் பாதி தூரம் ஏறியிருந்தாள். நாச்சிமுத்து கையைத் தூக்கி, பழக்கதோஷத்தில் மூக்கால், “பங்கஜம், நிங்கள் போக வேண்டாம் ஆணு, திரும்பி வரணம் ஆணு” என்று கத்தினார். பாறை சும்மா இருந்தது. அவள் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் பலமாக, இன்னும் நிறைய ஆணு போட்டுக் கத்தினார். பாறை அதற்கும் சும்மா இருந்தது. அவள் திருப்பத்தை நெருங்கிவிட்டாள், அதைத் தாண்டினால் கண்ணுக்கு மறைந்துவிடுவாள். நாச்சிமுத்துவுக்குப் பயம் வந்தது. மூக்கு மறந்துபோனது. “பங்கஜம், போகாதே” என்று தமிழில் அலறினார்.

“பங்கஜாக்ஷீ, போகல்லே” என்றது பாறை, அவர் குரலில்.

வெட்டப்பட்ட பெயரைப் பாறை முழுசாக ஒட்டிக் கூப்பிட்டது. அவள் நின்றாள். திரும்பி இறங்கி வந்தாள். “பாத்தீங்களா, மலையாளத்தார் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க” என்றார் சாமியப்பன். கூட்டம் ஆமோதித்தது.

அவள் எதிரில் வந்து நின்றதும் நாச்சிமுத்து என்ன செய்தார் தெரியுமா? துண்டை எடுத்தார். அவள் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரல்களை அமுக்கினார். பேரம் முறிந்து எழுந்து போகிறவரைத் தரகர் கடைசியாகப் பிடித்து நிறுத்தும் அமுக்கு அது. அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை, அதில் அவர் பொய் சொன்னதில்லை. பங்கஜாக்ஷிக்கு அது புரிந்தது. கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கையின் சூடு அவளுக்குப் பழக்கமானது. ஆனால் இத்தனை வருஷமும் இதுவேதான் நடந்தது, எதுவாக இருந்தாலும் மூடி வைத்து அமுக்கி முடித்துவிடுவது. அவள் துண்டை விலக்கினாள், உதறினாள், மடித்து அவர் தோளில் போட்டாள். பிறகு இத்தனை மாசம் கழித்து அவரிடம் தமிழில் பேசினாள்.

“பாறை நல்லாத்தான் பேசுதுங்க. நான் அதுகிட்ட ஒண்ணும் கேக்கலீங்களே. உங்ககிட்டத்தான கேட்டேன். அன்னிக்கு நான் என்ன கேட்டனுங்க?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூக்கு முந்திக்கொண்டு வந்தது, அதை நிறுத்தினார்.

“அது வந்துங்க, விஷுவுக்கு...” என்று சாமியப்பன் எடுத்துக் கொடுத்தார். பங்கஜாக்ஷி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“எனக்குப் புரியலை, பங்கஜம்” என்றார் நாச்சிமுத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “அன்னிக்கும் புரியலை. எனக்கு மலையாளம் தெரியாது.”

“சத்தமாச் சொல்லுங்க. தெரியும்னு சொன்னதெல்லாம் ஊர் கேக்கத்தான சொன்னீங்க?”

அவர் பாறையைப் பார்த்துத் திரும்பினார். மாடு விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், அவர் வாயை மெச்சிக்கொண்டே வயதானவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். மாட்டு வியாபாரத்தில் நஷ்டப்பட்டாலும் தலை நிமிர்ந்து நடந்த மனுஷருக்கு அப்போது கழுத்து நிற்கவில்லை. “எனக்கு மலையாளம் தெரியாது” என்று கத்தினார்.

“எனிக்கு மலயாளம் அறியில்ல” என்றது பாறை.

அது ஓய்ந்தபின், அந்த ஊரில் அதுவரை ஒருத்தரும் செய்யாத காரியத்தை நாச்சிமுத்து செய்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூக்கை விட்டுவிட்டு, குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக, “எனிக்கு... மலயாளம்... அறியில்ல” என்றார்.

“இன்னொருக்கா” என்றாள் பங்கஜாக்ஷி. “கடைசி வார்த்தையை முழுங்காம.”

“எனிக்கு மலயாளம் அறியில்ல.”

தப்பில்லாமல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் மலையாள வாக்கியம் அது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவள் மறைக்கவில்லை. கீழே வைத்த பையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணு ஆச்சுங்க” என்றாள். “போக வேண்டாம்னு இருந்தா வாய்விட்டுச் சொல்லுங்கன்னுதான் அன்னிக்குக் கேட்டேன். இனி பதிலைப் படிச்சுக்கங்க. பாறைகிட்டக் கேட்டுப் படிங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிப் படிங்க. வாய்ல நின்னதுக்கப்பறம் நெடுங்காவுக்கு வாங்க. நான் அங்கதான் இருப்பேன். துண்டு வேண்டாம்.”

அவள் தடத்தில் ஏறினாள். திருப்பத்தில் ஒருதரம் நின்று பார்த்தாள், பிறகு மறைந்தாள். நாச்சிமுத்து ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “நீ போக வேண்டாம்” என்றார். பாறை அதை மலையாளத்தில் சொன்னது. அவர் அதைத் திருப்பிச் சொன்னார், தப்பாக வந்தது, மறுபடி கேட்டார்.

வேடிக்கை முடிந்த ஊர் சந்தைக்குத் திரும்பி நடந்தது. “பாவமுங்க” என்றார் சாமியப்பன். “எப்பேர்ப்பட்ட மலையாளம் பேசிட்டிருந்த மனுஷன். பொண்டாட்டி போன அதிர்ச்சியில ஒரே நாள்ல அத்தனையும் மறந்துபோச்சு பாருங்க.” எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பின்னால் நாச்சிமுத்துவும் பாறையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பது காற்றில் வந்தது. ஒருத்தர் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “அட, இதானா? இது நமக்குத் தெரிஞ்சதுதானே” என்றார். மற்றவர்களும் ஆமென்று தலையாட்டிக்கொண்டு போனார்கள்.